தறி வீட்டின் கூரைச் சூடு

ஆரணியின் நெசவாளர் தெருக்களில் வீட்டின் நல்ல அறை பெரும்பாலும் தறிக்குப் போய்விடும். சமையலும் படுக்கையும் மிச்சமிருக்கிற இடத்தில் நடக்கும். இந்த ஊரிலும், சுற்றிலுமுள்ள சேவூர், முள்ளிப்பட்டு, தேவிகாபுரம் போன்ற ஊர்களிலும், ஒரே கூரைதான் குடும்பத்துக்கும் பட்டறைக்கும் நிழல். அந்தப் பட்டறை தொழிற்சாலை என்ற பெயரில் வேறிடத்தில் இருந்திருந்தால் அதன் சூட்டைப் பற்றிக் கேட்க ஆள் இருந்திருக்கும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, உள்ளே வெப்பம் கூடியமட்டும் குறைவாக இருக்கும்படி சுவரும் கூரையும் அமைய வேண்டும் என்றது. வெள்ளையடிப்பது, கூரையை உயர்த்துவது, நடுவே காற்று இடைவெளி விட்டு இரட்டைக் கூரை போடுவது என்று வழிகளையும் அந்தச் சட்டம் முதலில் எழுதப்பட்டபோதே பெயர் சொல்லிக் குறித்தது. ஓரிரு தறிகள் ஓடும் வீட்டை அந்தப் பிரிவு எட்டவில்லை. அதனால் கூரைச் சூட்டைத் தடுக்கும் செலவு இன்றுவரை வீட்டுச் செலவாகவே எழுதப்படுகிறது; வீட்டுச் செலவு என்பதால் கல்யாணத்துக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் பின்னால் தள்ளிப்போகிறது. அதைத் தறிக் கணக்கில் எழுத வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் வெயில் எங்கே விழுகிறது என்று பார்ப்போம். ஆரணி ஏறத்தாழ 12.7 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் 24-ஐ ஒட்டி ஒருமுறையும் ஆகஸ்ட் 19-ஐ ஒட்டி ஒருமுறையும் நண்பகலில் சூரியன் இவ்வூரின் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். இந்த இரண்டு நாட்களுக்கும் இடையிலுள்ள மாதங்களிலும் உச்சியைவிட்டு வெகுதூரம் விலகுவதில்லை. அப்படி நிற்கும் சூரியனுக்குச் சுவர் கண்ணில் படாது. காலையும் மாலையும் கிழக்கு, மேற்குச் சுவர்கள் சாய்வாகக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மற்றதை எல்லாம் கூரையே வாங்குகிறது. அதிலும் நம் தெருக்களில் வீடுகள் ஒன்றோடொன்று சுவர் ஒட்டி நிற்பதால் பக்கச் சுவருக்கு வெயிலே கிடையாது. வேலூர், திருவண்ணாமலை வட்டாரத்தில் கத்திரி நாட்களில் 40 டிகிரி என்பது செய்தியே அல்ல. ஆனால் அது நிழலில் அளந்த காற்றின் சூடு. அதே நேரத்தில் வெயிலில் கிடக்கும் சாம்பல் நிறச் சிமெண்டுத் தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தொட்டுவிடும். நெசவாளியின் தலைக்குமேல் பத்தடி உயரத்தில் இருக்கும் அடுப்பு அதுதான்.

இது உடம்புக்குத் துன்பம் என்பது எல்லோருக்கும் தெரியும். பட்டுக்கும் துன்பம் என்பதே இங்கே முக்கியம். பட்டு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் இழை. உலர்ந்த எடையில் 11 சதவீதம் ஈரம் இருப்பதே அதன் இயல்பான நிலை என்று வணிகத்தில் கணக்கிடுகிறார்கள். நூலைச் சோதிக்கும் ஆய்வகங்கள் 27 டிகிரி வெப்பமும் 65 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் வைத்த பிறகே அதன் வலுவை அளக்கின்றன. காற்று அதைவிட மிகவும் உலர்ந்தால் இழை விறைக்கும், மின்னேறி ஒன்றையொன்று தள்ளும், அச்சின் பற்களில் உரசி அறும். பாவில் ஆயிரக்கணக்கான இழைகள். அறுந்த ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து முடிபோட வேண்டும், அந்த நேரத்துக்குக் கூலி இல்லை. குழித்தறி இந்தச் சிக்கலுக்குப் பழைய விடை. மண்ணுக்குள் இறங்கிய குழியின் குளிர்ச்சியும் ஈரமும் பாவின் அடிப்பக்கத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஆனால் குழி கீழிருந்து கொடுப்பதைக் கூரை மேலிருந்து எடுத்துவிடுகிறது. 34 டிகிரியில் 50 சதவீத ஈரப்பதம் உள்ள அறைக்காற்று, அதிலுள்ள நீர் கூடாமலும் குறையாமலும் 40 டிகிரிக்குச் சூடேறினால், ஈரப்பதம் 36 சதவீதத்துக்கு இறங்கிவிடும். தண்ணீர் தெளித்து ஈடுகட்டலாம் என்றால், அந்த ஈரத்தோடு அதே சூட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு வியர்வை ஆறாது. நூலுக்கு ஈரம் வேண்டும், ஆளுக்குக் குளிர்ச்சி வேண்டும். இரண்டையும் சேர்த்துத் தரக்கூடிய ஒரே வழி அறையின் சூட்டைக் குறைப்பது. அதற்கான சாவி கூரையில் இருக்கிறது.

நம் பழைய வீடுகள் இதை எப்படிச் சமாளித்தன என்று பார்த்தால், அவை எல்லாவற்றிலும் சிறந்தவை என்ற ஏக்கத்துக்கு இடம் கொடுக்காமலே சில பாடங்களை எடுத்துக்கொள்ளலாம். நாட்டு ஓட்டு வீட்டில் பனங்கைமேல் இரண்டு மூன்று அடுக்காக ஓடு வேய்வார்கள். ஓடுகளுக்கு இடையே ஆயிரம் சந்துகள். உச்சியில் சேரும் சூடான காற்று அவற்றின் வழியே கசிந்து போய்க்கொண்டே இருக்கும். 1865-இல் பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பின் பரவிய சீமை ஓடு ஒற்றை அடுக்கானது, இடுக்கில்லாமல் கவ்வுவது. மழைக்கு நல்லது, சூட்டுக்கு நாட்டு ஓட்டைவிட ஒரு படி கீழே. அறைக்குமேல் பலகை பரப்பி, அதன்மேல் மண் மெழுகிய பரண் இருந்த வீடுகளில்தான் விஷயம் முழுமை பெற்றது. மேலே ஓடு வெயிலைத் தாங்கும் குடை. நடுவே பரணில் காற்று நடமாடும் இடைவெளி. கீழே மண் பூசிய பலகை ஒரு மூடி. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டு உச்சியறையின் தரையில் ஓரடி உயரத்துக்குக் கண்ணாடிக் கம்பளி பரப்பி, கூரைக்கும் அதற்கும் நடுவே காற்றோட்டம் விடுகிறார்களே, அதன் உடற்கூறும் இதுவேதான். அங்கே பெரும்பாலும் குளிர்காலத்தில் உள்ளிருக்கும் சூட்டைக் காப்பாற்ற. இங்கே வெளிச்சூட்டை உள்ளே விடாமலிருக்க. வசதியானவர்களின் மெட்ராஸ் டெரஸ் வேறு வழியில் போனது: மரக்கட்டைகளின்மேல் சன்னச் செங்கல்லைச் சாய்வாக நட்டு, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்து நாள்கணக்கில் அடித்து இறுக்கிய கனத்த தளம். பகல் சூடு அதைக் கடந்து வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

பிறகு கான்கிரீட் வந்தது. அதை யாரும் குறை சொல்ல முடியாது. கீற்றுக் குடிசையில் பட்டு நெய்தவருக்கு மழைக்கும் தீக்கும் பயப்படாத தளம் என்பது விடுதலை. அரசும் அதையே அளவுகோலாக வைத்தது. 2010-இல் வந்த கலைஞர் வீடு வழங்கும் திட்டம், 2011-இன் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம், 2024-இன் கலைஞர் கனவு இல்லம் என எல்லாவற்றின் நோக்கமும் குடிசையைக் கான்கிரீட் ஆக்குவது. கனவு இல்லத்தில் 360 சதுர அடி வீட்டில் 300 சதுர அடி கான்கிரீட் தளமாக இருக்க வேண்டும் என்பது விதி. தளம் எவ்வளவு உறுதி என்று கேட்டவர்கள் எவ்வளவு சுடும் என்று கேட்கவில்லை. நான்கு அங்குலத் தளம் வெப்பத்தை விடும் அளவு, ஒரு சதுர மீட்டருக்கு, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஒவ்வொரு டிகிரி வேறுபாட்டுக்கும், ஏறத்தாழ 3.7 வாட். சுருக்கி ஜல்லி போட்டுத் தட்டோடு பதித்தால் 3-க்குக் கீழே இறங்கும். ஆனால் கட்டி முடிக்கும்போது பணம் தீர்ந்து, முதலில் கைவிடப்படும் வேலையும் அதுதான். மத்திய அரசின் எரிசக்திச் சேமிப்பு அமைப்பு 2018 டிசம்பரில் குடியிருப்புகளுக்கு வெளியிட்ட ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ கூரைக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு 1.2 வாட். அரசு ஒரு கையால் எழுதிய அளவை, மறு கையால் கட்டும் வெற்றுத் தளம் மூன்று மடங்கு மீறுகிறது. கான்கிரீட்டின் இன்னொரு குணமும் தறி வீட்டுக்குப் பகை. நண்பகலில் வாங்கிய சூட்டை அது மூன்று நான்கு மணி நேரம் கழித்து, மாலையில், உள்ளே விடத் தொடங்கி இரவெல்லாம் விட்டுக்கொண்டிருக்கும். விடியலில் பாவு விரிக்கத் தெருவுக்கு வர வேண்டியவர் தூங்காமல் எழுகிறார்.

சிமெண்டு அட்டை போட்ட தறிக்கூடங்களின் நிலை இன்னும் மோசம். கால் அங்குல அட்டைக்குச் சூட்டைப் பிடித்துவைக்கக்கூடத் தெம்பில்லை. மேகம் விலகிய சற்று நேரத்தில் உள்ளே அனல் இறங்கும். அட்டையில் கல்நார் இருந்தால் அதைத் துளைப்பதோ அறுப்பதோ உரசிக் கழுவுவதோ கூடாது. கல்நாரின் எல்லா வகைகளும் புற்றுநோய் உண்டாக்குபவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. அட்டையைத் தொடாமல் கீழே தனிச் சட்டம் கட்டி, மூங்கில் பாயும் அலுமினியத் தகடு ஒட்டிய விரிப்பும் அடித்து, இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு, இரு முனைகளையும் காற்றுக்குத் திறந்துவிடுவதே தகும். பளபளக்கும் பக்கம் இடைவெளியை நோக்கி இருக்க வேண்டும். எதிரே காற்று இல்லாமல் எதிலாவது ஒட்டிக்கொண்டால் அந்தத் தகடு வெறும் அலங்காரம்.

வெள்ளையடிப்பதிலிருந்து தொடங்கலாம் என்கிறார்கள். சரிதான், மிக மலிவான முதற்படி அது. புதுச் சுண்ணாம்பு விழும் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். 2010-இன் கொடும் வெயிலுக்குப் பின் 2013-இல் வெப்பச் செயல்திட்டம் வகுத்த அகமதாபாத், 2017-இல் எளியவர் வீடுகளின் கூரைகளுக்கு வெள்ளை பூசத் தொடங்கியது. அங்கே மகிளா ஹவுசிங் டிரஸ்ட் என்ற அமைப்பு வீட்டிலிருந்தே தொழில் செய்யும் பெண்களின் கூரைகளைக் குறிவைத்து வேலை செய்தது. தெலங்கானா 2023-இல் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. தமிழக அரசும் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. ஆனால் வெள்ளைக்கு ஒரு பலவீனம்: அரிசி ஆலைகளின் புகையும் உமித் தூசும் படியும் ஆரணியில் அந்த வெண்மை எத்தனை மாதம் நிற்கும்? மிளகாய் காயும், துணி உலரும், பிள்ளைகள் ஓடும் மொட்டை மாடியில் இன்னும் சீக்கிரம் அழுக்கேறும். ஆண்டுதோறும் பங்குனியில் ஒரு பூச்சு என்று வழக்கமாக்கினால் ஒழிய அதை நம்பித் தறி போட முடியாது.

நிலைத்த வழி தளத்தின் மேலே காப்படுக்கு வைப்பது. ஒரே ஓர் அங்குலம் அடர்த்தியான தெர்மாகோல் பலகை 3.7 வாட்டை 1 வாட்டுக்கு இறக்கிவிடும்; ஏறத்தாழ முக்கால் பங்கு சூடு வாசலிலேயே நின்றுவிடுகிறது. இரண்டு அங்குலம் போட்டால் 0.6. கவனியுங்கள்: முதல் அங்குலம் செய்யும் வேலையில் ஆறில் ஒரு பங்குகூட இரண்டாவது அங்குலம் செய்வதில்லை. குளிர்நாட்டுப் புத்தகங்களைப் பார்த்து ஓரடி கனம் வேண்டும் என்று மலைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு ஆறுதல். பலகையைத் தளத்துக்கு மேலே வைக்க வேண்டும், கீழே ஒட்டக்கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. மேலே வைத்தால் கான்கிரீட்டே வெயிலைப் பார்ப்பதில்லை. சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கி வெடிப்பு விடுவதும் குறையும். ராத்திரி சன்னலைத் திறந்து வைத்தால் குளிர்ந்த தளம் மறுநாள் முற்பகல் வரை அறையிலிருந்து சூட்டை வாங்கிக்கொள்ளும், குடத்து நீர் மாதிரி. கீழே ஒட்டினால் இவை எதுவும் கிடைக்காது. மண்குடங்களைக் கவிழ்த்து அடுக்கி நடுவே சுண்ணாம்புக் கலவை நிரப்பும் முறையும் இங்கே உண்டு. காற்றடைத்த குடம் நல்ல காப்புதான், ஆனால் பாரம் அதிகம். பொறியாளரைக் கேட்காமல் பழைய தளத்தின்மேல் ஏற்றக்கூடாது. புதிதாகக் கட்டுபவர்களுக்குக் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய, சீமை ஓட்டைக் கான்கிரீட்டுக்குள் புதைக்கும் தள முறை சிமெண்டையும் மிச்சப்படுத்தும்.

ஓட்டு வீடு இன்னும் வைத்திருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். பரணைச் சரிசெய்தாலே பாதி வேலை முடிந்தது. முதல் வேலை காலி செய்வது. தேய்ந்த அச்சு, ஓடாத நாடா, பழைய ஜக்கார்டு அட்டைக் கட்டு, தாத்தா காலத்துப் படமரம், கழிவுப் பட்டு மூட்டை என்று பரண் ஒரு குடும்ப அருங்காட்சியகமாக இருக்கும். எலிக்கு அது சத்திரம். இறக்கிய பிறகு பனங்கையையும் ரீப்பரையும் தட்டிப் பார்த்துச் செல் அரித்ததை மாற்ற வேண்டும், உடைந்த ஓட்டைக் கழிக்க வேண்டும். மின்கம்பி பரண்வழியே போகிறது என்றால் எலி கடித்த இடம் இருக்கிறதா என்று மின்பணியாளரை வைத்துப் பார்த்துக் குழாய்க்குள் விட்ட பிறகே எதையும் பரப்பலாம். சூடேறும் கம்பியை மூடிப் புதைப்பது தீயை அழைப்பது. பலகைச் சந்துகளைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்து, அதன்மேல் காப்பை விரித்து, ஓட்டின் உச்சியிலும் இறவாணத்திலும் காற்று புகுந்து போக வழியை மட்டும் அடைக்காமல் விட வேண்டும். எதை விரிப்பது? கண்ணாடிக் கம்பளி வேண்டாம். அதன் துகள் கீழே இறங்கினால் பட்டுக்கும் ஆகாது, நுரையீரலுக்கும் ஆகாது. ஆரணியில் கேட்காமலே நினைவுக்கு வருவது உமி. செங்கல்லைவிடப் பல மடங்கு நன்றாகச் சூட்டைத் தடுக்கும் பொருள் அது, ஊரில் மலைபோல் கிடைக்கிறது. ஆனால் உமி சுடர்விட்டு எரியாமல் உள்ளுக்குள்ளே கனன்றுகொண்டிருக்கும், எலிக்கும் பிடிக்கும். சுண்ணாம்பு கலந்து, நன்றாகத் தைத்த சாக்குகளில், அடுப்பிலிருந்தும் கம்பியிலிருந்தும் விலக்கி அடுக்க முடிந்தால் மட்டும் யோசிக்கலாம். இல்லையேல் பழையபடி மண் பூச்சே மேல்.

மறுப்புகள் உண்டு. கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் மின்சாரம் இலவசம், 2023 முதல். அப்புறம் எதற்குக் கூரைச் செலவு, விசிறி போட்டுக்கொண்டால் போகிறது என்பார்கள். தோலின் சூடு சுமார் 35 டிகிரி. அதைவிடச் சூடான காற்றை வீசும் விசிறி வியர்வையை ஆற்றலாம், கூரையின் அனலைத் தணிக்காது. அறுந்த இழையை அலைக்கழிக்கும், நூலை மேலும் உலர்த்தும். குளிர்சாதனம் வைத்தால் 300 யூனிட் எந்த மூலைக்கு? அது அறையின் ஈரத்தையும் சேர்த்து உறிஞ்சிவிடும். மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டால் போதாதா என்பது இரண்டாவது கேள்வி. நிழல் என்ற அளவில் அதைவிட நல்லது இல்லை. ஆனால் 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகளைக் கொண்டுபோன தீ கீற்றுக் கூரையில்தான் பரவியது. பட்டும் ஜரிகையும் கடன் பணமும் அடைந்திருக்கும் வீட்டின் தலையில் அதை ஏற்றச் சொல்ல மனம் வராது. பச்சை நிழல்வலைப் பந்தல் அதைவிடப் பாதுகாப்பானது, தளத்திலிருந்து ஆள் உயரம் தள்ளிக் கட்டினால்.

பொய்க்கூரை அடித்தால் வேலை சுலபம் என்பவர்கள் தறியை அண்ணாந்து பார்த்ததில்லை. ஜக்கார்டு பெட்டி தறிக்கு மேலே மரச்சட்டத்தில் உட்கார்ந்திருக்கும். துளையிட்ட அட்டைகள் சங்கிலியாகத் தொங்கி ஒவ்வொரு மிதிக்கும் புரளும். அவற்றைச் சரிபார்க்க ஏணி போட்டு ஏற வேண்டும். அந்த உயரத்தில் ஓரடியைக்கூட விட்டுக்கொடுக்க முடியாது. காப்பு தளத்துக்கு மேலே போக வேண்டும் என்பதற்குத் தறியே ஒரு சாட்சி. வெளிச்சம் பற்றிய அச்சம் இவற்றைவிட நியாயமானது. கோர்வையில் உடல் நிறமும் கரை நிறமும் சேரும் இடத்தைப் பகல் ஒளியில்தான் தீர்மானிக்க முடியும், அதற்காகவே ஓட்டு வீடுகளில் தறிக்கு நேர்மேலே கண்ணாடி ஓடு பதிக்கிறார்கள். பரணை மூடினால் அது போய்விடுமே? கண்ணாடி ஓடு ஒளியோடு வெயிலையும் பாவின்மேல் இறக்குகிறது, சாயம் வெளுக்கும். அதை வடக்குச் சரிவுக்கு மாற்றி, அந்த இடத்தில் மட்டும் பரணில் ஒரு கூண்டு விட்டால், இரண்டும் ஓரளவு நடக்கும். மழைக் கசிவு மறைந்துகொள்ளும் என்ற பயத்துக்குப் பதில் வரிசைமுறையில் இருக்கிறது: முதலில் நீர்க்காப்பு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கட்டி நிறுத்திச் சோதனை, பிறகே பலகை, அதன்மேல் ஜல்லியும் தட்டோடும். இந்த வரிசையை மாற்றுகிற மேஸ்திரியிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம்.

மிச்சமிருப்பது பணம். நெசவாளிக்குக் கூலி புடவைக்கு, நேரத்துக்கு அல்ல. சூட்டில் வீணாகும் மணிகளை முதலாளியோ சங்கமோ சுமப்பதில்லை. புடவை இரண்டு நாள் தாமதமாக இறங்கும், கணக்கில் எங்கும் வெயில் என்று எழுதியிருக்காது. 2030-இல் இந்தியா வெப்பத்தால் தன் வேலை நேரத்தில் 5.8 சதவீதத்தை இழக்கும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் மதிப்பிட்டது. நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு கண்ட 35 லட்சத்துச் சொச்சம் கைத்தறித் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலானோர் வீட்டிலேயே வேலை செய்பவர்கள், பெண்களே அதிகம். அவர்கள் இழப்பது தங்கள் கூலியைத்தான். வாடகை வீட்டில் தறி போட்டிருப்பவர் சொந்தமில்லாத கூரைக்கு ஏன் செலவழிப்பார் என்ற கேள்விக்கும் இங்கேதான் விடை இருக்க வேண்டும். தறி வாங்க, ஜக்கார்டு பொருத்த, தறிக்கூடம் கட்ட உதவித் திட்டங்கள் ஏற்கெனவே உண்டு. அந்தத் தறிக்கூட மதிப்பீட்டில் கூரைக்கு மேலே ஓர் அங்குலக் காப்பு என்று ஒரு வரியைக் கைத்தறித் துறை சேர்க்கலாம். பழைய வீடுகளுக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் அதே வேலைக்குச் சிறு கடன் கொடுத்துப் புடவைக் கூலியில் பிடித்துக்கொள்ளலாம். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிக் கொடுத்த ஊருக்கு, அது நெய்யப்படும் அறைக்கு ஒரு அளவுகோல் வைப்பது பெரிய காரியம் அல்ல.

கூரை வேலைக்குத் தோதான காலம் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தையும் மாசியும். ஐப்பசியில் தொடங்கினால் மழை கெடுக்கும். கத்திரியில் தொடங்கினால் சுண்ணாம்பு பிடிக்குமுன் காய்ந்துவிடும்.